பம்பைப் பெரிதாக்கினால் ஓட்டை அடைபடுமா?

ஏப்ரல் 15 வந்தால் காசிமேட்டில் சத்தம் மாறிவிடும். ஏலம், ஐஸ் உடைக்கும் இயந்திரம், மீன்பாடி வண்டி என்று இரைந்துகொண்டிருந்த இடத்தில் சுத்தியலும் உளியும் கிரைண்டரும் கேட்க ஆரம்பிக்கும். கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் 61 நாளாக நீட்டினார்கள். மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை இது. படகுக்காரர்களுக்கு இதுதான் ரிப்பேர் காலமும்.

போன வாரம் காலை நடைக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். பழக்கமான படகு உரிமையாளர் ஒருவர் பிடித்துக்கொண்டார். டீ சொன்னார். "போட்டுல கொஞ்சம் தண்ணி வந்துக்கினு இருந்திச்சி சார். பெரிய பம்பா ஒண்ணு வாங்கி மாட்டிட்டேன். இனிமே கவலையே இல்ல" என்றார். அவருக்குக் கவலை போய்விட்டது. எனக்கு அப்போதுதான் ஆரம்பித்தது.

முப்பது வருடத்துக்கு மேல் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் படகு எஞ்சின்களோடு பிழைத்தவன் நான். படகு கட்டத் தெரியாது. எஞ்சின், ஷாஃப்ட், பம்பு, குழாய் இவ்வளவுதான் தெரியும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: படகுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் அது வரும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். பம்பைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். அந்தத் தேடலையும் படகு தண்ணீரில் மிதக்கும்போதே செய்ய வேண்டும். ஸ்லிப்வேயில் ஏற்றிவிட்டால் பாதி சாட்சி காய்ந்துவிடும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தரக்கூடியதல்ல. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் என்று நினைவு. மரத்தில் கட்டிய ஒரு இழுவைப் படகு. நாலைந்து நாள் தங்கித் தொழில் செய்துவிட்டு வரும். ஓனர் நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். திரும்பி வரும் வழியில் மட்டும் எஞ்சின் ரூமில் தண்ணீர் ஏறுகிறது என்று என்னைக் கூப்பிட்டார். எஞ்சின்காரனைக் கூப்பிட்டால் அவன் கண்ணுக்கு எஞ்சின் பக்கம்தானே தெரியும்? புரொப்பல்லர் ஷாஃப்ட் படகை விட்டு வெளியே போகும் இடத்தில் ஒரு கிளாண்டு இருக்கும். கிரீஸ் ஏற்றிய பின்னல் கயிற்றைச் சுருட்டித் திணித்து, நட்டு வைத்து இறுக்கியிருப்பார்கள். அங்கே சொட்டிக்கொண்டிருந்தது. கயிற்றை மாற்றினேன். அடுத்த டிரிப்பிலும் தண்ணீர். இன்னும் இறுக்கினேன். சொட்டே நின்றுபோனது. அதைப் பார்த்து எனக்குத் திருப்தி.

அது என் முதல் தப்பு. ஷாஃப்ட் சுற்றும்போது அந்த இடத்தில் நாலு சொட்டு விழத்தான் வேண்டும். அந்தத் தண்ணீர்தான் ஷாஃப்ட்டைக் குளிர வைக்கிறது. சொட்டே விடாமல் இறுக்கினால் கயிறு கருகும், ஷாஃப்ட்டில் கோடு விழும், பிறகு எத்தனை கயிறு போட்டாலும் ஒழுகும். நிமிடத்துக்குப் பத்துச் சொட்டு என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்கூட வராது. ஒரு சொம்புத் தண்ணீருக்காக ஒரு ஷாஃப்ட்டைக் கெடுத்தேன்.

ஓனர் அடுத்ததாக மேஸ்திரியை அழைத்தார். அவர் பலகைச் சந்துகளில் பஞ்சு அடித்துக் கலப்பத்து போட்டுக் கொடுத்தார். அப்போதும் தண்ணீர் வந்தது. கடைசியில் ஓனர் ஒன்றரை அங்குலக் குழாயோடு பெரிய பம்பு வாங்கி, எஞ்சினில் பெல்ட் போட்டு மாட்டினார். பழைய பம்பு முக்கால் அங்குலக் குழாய். "எவ்ளோ தண்ணி வந்தாலும் தூக்கிடும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

அந்தப் பம்பு மாட்டிய இரண்டாவது டிரிப்பில் படகு நிறைய மீனோடு திரும்பிக்கொண்டிருந்தது. ராத்திரி. தண்ணீரை இறைத்து முடித்துவிட்டு, பெல்ட் சூடாகிறது என்று பம்பைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்கிறார்கள். விடியற்காலையில் பார்த்தால் எஞ்சினின் ஃப்ளைவீல் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றது. எஞ்சினில் ஓடும் பம்பும் அதோடு போச்சு. ஆறு பேர் பக்கெட்டால் இறைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நல்ல காலம், கூப்பிடு தூரத்தில் இன்னொரு படகு இருந்தது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கடல் அன்றைக்கு அமைதி. இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும், அல்லது எழுதவே மனசு வந்திருக்காது.

படகில் எடுபிடி வேலைக்கு ஒரு பையன் இருந்தான். பதினெட்டு வயசு இருக்கும். காலையும் மாலையும் அடியில் இறங்கி இறைப்பது அவன் வேலை. அவன் ஆரம்பத்திலிருந்தே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தானாம்: "லோடு ஏறினாத்தான்ணா வருது. காலி போட்டுல வரவே வராது." யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

அடுத்த முறை படகு கரைக்கு வந்ததும், மீன் இறக்குவதற்கு முன்னால் பத்து நிமிஷம் வேண்டும் என்று ஓனரிடம் கேட்டேன். ஏலம் நடக்கும் நேரத்தில் பத்து நிமிஷம் என்பது பணம். முகம் சுளித்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டார். எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு அடியில் இறங்கிப் படுத்தேன். சத்தம் எல்லாம் அடங்கியதும் சலசலவென்று கேட்டது. தண்ணீர் பம்பின் உறிஞ்சு குழாயிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது! வெளியே எட்டிப் பார்த்தால், பம்பு தண்ணீரைத் துப்பும் வாய் கடல் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே கிடக்கிறது.

விஷயம் இதுதான். காலிப் படகில் அந்த வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும். மீனும் ஏறிவிட்டால் படகு தாழும், வாய் முழுகிவிடும். பம்பு ஓடும்வரை தண்ணீர் வெளியே போகும். நிறுத்தியதும் குழாய் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, வெளிமுனை கடலுக்குள், உள்முனை கடல் மட்டத்தைவிடத் தாழ்வாகப் படகின் அடியில். டேங்கிலிருந்து டியூப் போட்டு வாயால் உறிஞ்சி மண்ணெண்ணெய் எடுப்போமே, அதே கதை. கடல் தானாக உள்ளே வழிய ஆரம்பித்துவிடும். திரும்பி வராமல் தடுக்க வேண்டிய அடிவால்வில் ஒரு மீன் செதிலும் கொஞ்சம் கந்தலும் சிக்கி, அது மூடாமல் கிடந்தது. மீனை இறக்கினால் வாய் மேலே வந்துவிடும், காற்றுப் புகும், ஒழுக்கு நின்றுவிடும். அதனால்தான் கரையில் நாங்கள் தேடியபோதெல்லாம் எதுவும் தெரியவில்லை.

தண்ணீரை வெளியேற்ற வைத்த குழாய்தான் தண்ணீரை உள்ளே விட்டிருக்கிறது. முக்கால் அங்குலக் குழாயை எடுத்துவிட்டு ஒன்றரை அங்குலம் போட்டபோது நாங்கள் ஓட்டையைத்தான் நாலு மடங்கு பெரிதாக்கியிருந்தோம். சரிசெய்ய ஆன செலவு ஒரு துண்டுக் குழாய், இரண்டு கிளிப். துப்பும் வாயை ஒன்றரை அடி உயர்த்தி, உள்ளே குழாயை டெக் உயரத்துக்கு ஒரு வளைவு வளைத்து, அந்த உச்சியில் காற்றுப் புக ஒரு சின்னத் துளை வைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் படகில் லோடோடு வந்தாலும் தண்ணீர் ஏறவில்லை.

இதில் எனக்குப் புரிந்தது, தண்ணீர் 'எங்கே' என்று கேட்பதற்கு முன்னால் 'எப்போது' என்று கேட்க வேண்டும் என்பது. படகின் அடியில் தேங்கும் தண்ணீர் தாழ்வான இடத்துக்கு ஓடிவிடும். அது நிற்கும் இடத்துக்கும் வந்த வழிக்கும் சம்பந்தமே இருக்காது. அணியத்தில் ஒழுகுவது எஞ்சின் ரூமில் வந்து நிற்கும். ஆனால் நேரம் ஏமாற்றாது.

எஞ்சின் ஓடும்போது மட்டும் வருகிறதா? கடல் தண்ணீர் பம்பின் சீல், குளிரூட்டும் குழாய், கிளாண்டு இவற்றைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திக் கட்டிப்போட்ட பிறகும் வருகிறதா? பலகைச் சந்து, அடியில் உள்ள வால்வு, மறுபடியும் கிளாண்டு. லோடு ஏறினால் மட்டும் வருகிறதா? வழக்கமாகத் தண்ணீருக்கு மேலே இருக்கும் பலகைகளும், படகின் பக்கவாட்டில் உள்ள குழாய் வாய்களும் சந்தேகத்துக்கு உரியவை. அலை அடிக்கும்போது மட்டுமா? டெக் சந்துகளையும் அணியத்தையும் பாருங்கள். மழை நாளில் மட்டும் என்றால் கடலைச் சந்தேகிக்கவே வேண்டாம்.

அடுத்தது, உப்பா நல்ல தண்ணீரா என்பது. மீன் அறையில் ஒரு பார் ஐஸ் 50 கிலோ என்றால் அது உருகி 50 லிட்டராக எங்காவது போயாக வேண்டும். மீன் அறையின் அடிப்பூச்சு விட்டிருந்தால் அது எஞ்சின் ரூமுக்கு வந்து கடல் தண்ணீர் மாதிரி பயம் காட்டும். தேங்கிய தண்ணீரை நாக்கில் வைக்காதீர்கள், டீசலும் இருக்கும், மீன் கழிவும் இருக்கும். சொட்டு விழும் இடத்திலேயே பிடித்து, சுத்தமான இரும்புத் தகட்டில் விட்டு வெயிலில் வையுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்தால் கடல். வெறும் கறை மட்டும் என்றால் ஐஸ்.

மூன்றாவது, துடைத்துக் காய வைப்பது. ஈரமான இடத்தில் ஈரத்தைத் தேட முடியாது. பழைய துணியால் சுத்தமாகத் துடைத்து, சந்தேகமான சந்துகளில் சாக்பீஸ் தூளோ முகப் பவுடரோ தூவிவிட்டுக் காத்திருந்தால், முதலில் நனையும் கோடு தானே காட்டிக்கொடுக்கும்.

ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டிய ஒழுக்கும் உண்டு. இரண்டு மாதம் கரையில் வெயிலில் நின்ற மரப்படகை இறக்கினால் முதல் நாள் சந்துகளில் கசியத்தான் செய்யும். மரம் ஊறிப் பருத்ததும் அடங்கிவிடும். அதைப் பார்த்துப் பதறிக் கண்ட இடத்தில் பஞ்சு அடித்தால், மரம் பருக்கும்போது பலகையே பிதுங்கும். அதே சமயம், இரண்டு மூன்று நாளுக்குப் பிறகும் குறையாத கசிவை 'ஊறிடும்' என்று சொல்லி விட்டுவிடவும் கூடாது.

ஃபைபர் படகில் கதை வேறு. சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரங்களின் இடத்தில் ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. கட்டுமரத்துக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. மரங்களுக்கு நடுவே வந்த தண்ணீர் வந்த வழியே போய்விடும். கரைக்கு வந்ததும் பிரித்துக் காயப் போடுவார்கள். ஃபைபர் படகை மணலில் இழுத்து இழுத்து அடிப்பகுதி தேய்ந்து, மிதப்புக்காக உள்ளே அடைத்திருக்கும் நுரைக்குள் தண்ணீர் இறங்கினால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. படகு கனக்கும், டீசல் கூடும், கரைக்கு இழுக்க முன்பைவிட இரண்டு ஆள் அதிகம் வேண்டியிருக்கும். 'எஞ்சின் இழுவை போயிடுச்சி' என்று என்னிடம் வந்த படகுகளில் எஞ்சின்மேல் குற்றமே இல்லாதவை உண்டு.

'சின்ன ஓட்டைதானே' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே ஒரு அங்குல ஓட்டை இருந்தால், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 4,500 லிட்டர் உள்ளே வரும். அதாவது நாலரை டன். ஓட்டை இரண்டு அங்குலமானால் அதைப் போல நாலு மடங்கு. இன்னொரு ஆபத்து, அந்தத் தண்ணீர் ஒரு இடத்தில் நிற்காது. படகு சாயும் பக்கம் எல்லாத் தண்ணீரும் ஓடி, அந்தச் சாய்வை இன்னும் கூட்டும். நிறைந்து முழுகுவதற்கு முன்பே கவிழ்ந்துவிடலாம். நல்ல பம்பு இதையெல்லாம் சமாளிக்கும்தான், ஓடும்வரை. பேட்டரி இறங்கினாலோ, பெல்ட் அறுந்தாலோ, உறிஞ்சு வாயில் ஒரு பாலித்தீன் பை ஒட்டிக்கொண்டாலோ, அதுவரை பம்பு மறைத்து வைத்திருந்த ஒழுக்கு அத்தனையும் ஒரே ராத்திரியில் தெரியவரும்.

இறைக்கும் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் நாம் பேசுவதில்லை. எஞ்சின் ரூம் தண்ணீரில் டீசலும் ஆயிலும் கலந்தே இருக்கும். பெரிய கப்பல்களுக்கு, வெளியேற்றும் அடித்தண்ணீரில் பத்து லட்சம் பங்குக்கு 15 பங்கு எண்ணெய்க்கு மேல் இருக்கக் கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. நாம் துறைமுகத்துக்குள்ளேயே கறுப்பாக இறைத்து விடுகிறோம். 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது கரையில் பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது மீனவர்களே தங்கள் படகுகளில் போய் அள்ளினார்கள். அந்த எண்ணெய்க்கும் படகுகள் இறைப்பதற்கும் அளவில் ஒப்பே கிடையாது, தெரியும். ஆனால் வருகிற வழியை அடைக்காமல் பக்கெட்டால் அள்ளிக்கொண்டே இருப்பது எப்படி இருக்கும் என்று வட சென்னைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே வருவது குறைந்தால் வெளியே விடுவதும் குறையும்.

கடைசியாக என் யோசனை. தடைக்காலத்தில் மீன்வளத் துறை விசைப்படகுகளை ஆய்வு செய்கிறது. பதிவுச் சான்று, எஞ்சினின் குதிரைத்திறன், தொலைத்தொடர்புக் கருவி, உயிர்காப்பு உடை இவற்றைப் பார்க்கிறார்கள். எல்லாம் தேவைதான். அதோடு ஒரு ராத்திரிச் சோதனையும் சேர வேண்டும் என்பேன். படகைக் கரையேற்றுவதற்கு முன்னால் ஒருமுறை, இறக்கி மூன்றாம் நாள் ஒருமுறை. அடியைத் துடைத்துக் காய வைத்து, எஞ்சினையும் பம்பையும் நிறுத்தி, ராத்திரி எட்டு மணி நேரம் கட்டிப்போட வேண்டும். காலையில் எத்தனை லிட்டர் என்று அளந்து எழுத வேண்டும். பிறகு எஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டி மறுபடி அளக்க வேண்டும். ராத்திரி ஒரு ஆள் கைப்பம்போடு படகிலேயே படுத்திருக்க வேண்டும், அதில் விளையாடக் கூடாது. லோடோடு திரும்பும் ஏதாவது ஒரு நாளில், இறக்குவதற்கு முன் பத்து நிமிஷம் பார்த்தால் இன்னும் நல்லது. இந்த மூன்று எண்களை ஒரு நோட்டில் வருஷா வருஷம் எழுதி வந்தால், படகு எப்போது மோசமாகிறது என்று அந்த நோட்டே சொல்லும்.

'எல்லாப் படகும்தான் ஒழுகும் சார், இதுக்கெல்லாம் நேரம் ஏது' என்பார்கள். மரப்படகு கொஞ்சம் கசியும் என்பது சரிதான். ஆனால் எவ்வளவு என்று தெரிந்திருப்பது வேறு, தெரியாமலே பெரிய பம்பு மாட்டிக்கொண்டு தூங்குவது வேறு. சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். துணியும் பக்கெட்டும் எல்லாப் படகிலும் இருக்கிறது.

டீ வாங்கிக் கொடுத்தவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "உங்க போட்டுல தினமும் இறைக்கிற பையன் யாரு? அவனைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்." அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். பையன் ஊருக்குப் போயிருக்கிறானாம், தடைக்காலம் முடிந்துதான் வருவானாம். வந்ததும் சொல்லி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.